விலை இறங்கும், செலவு இறங்காது

நான் எழுதிப் பழகியவன் அல்லன். ஊரில் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். 2010 இல் லண்டனுக்கு வந்து, இப்போது உணவு பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்கிறேன். அண்மையில் எங்கள் வேலைத்தலத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணை, பென்ஸ் கூப்பே. மூவாயிரம் பவுண்தான். எடுக்கட்டோ?" என்று கேட்டார். பளபளவென்ற கறுப்புக் கார். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை. அந்தத் தம்பியின் முகத்தில் இருந்த ஆசை எனக்குப் புதிதல்ல. 2019 இல் என் முகத்திலும் அது இருந்தது. அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதினால், புதிதாக வந்திருக்கும் இன்னும் சில குடும்பங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் என் கதை.

என் அப்பா ஊரில் ஏ40 கார் வைத்து ஹயர் ஓடியவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பது குதிரைக் கொம்பு. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது எங்கள் அப்பாச்சியையும் பாய் தலையணைகளையும் தென்மராட்சிக்கு ஏற்றிச் சென்றது அந்தக் கார்தான். எனக்கு அப்போது ஏழு வயது. அதில் எது பழுதானாலும் அப்பா காதால் கேட்டுக் கண்டுபிடிப்பார், கையால் திருத்துவார். ஆகவே பழைய கார் என்றால் எனக்குப் பயமே இருக்கவில்லை. அதுதான் நான் விட்ட முதல் பிழை.

2019 இல் நானும் மனைவியும் மூன்று வயது மகனும் ஹரோவில் ஒரே அறையில் இருந்தோம். வேறு வீடு எடுக்க முற்பணம் வேண்டுமென்று சீட்டுப் பிடித்து மூவாயிரம் பவுண் சேர்த்திருந்தோம். அந்த நேரத்தில்தான் ஒரு கார் கண்ணில் பட்டது. ஜேர்மன் தயாரிப்பு, 3.5 லீற்றர் எஞ்சின், தோல் இருக்கைகள், வயது பன்னிரண்டு. விலை 2,900 பவுண். கொம்பனியின் பெயர் வேண்டாம். குற்றம் பெயரில் இல்லை; பராமரிக்காமல் விட்டவரிடமும், பாராமல் வாங்கிய என்னிடமும்தான்.

விற்றவர் நல்ல மரியாதையாகப் பேசினார். "குளிராக இருக்கிறது, உங்களுக்காக எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கிறேன்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். பத்து நிமிடம் அந்த வட்டாரத்தையே சுற்றி ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு மாத எம்.ஓ.ரி. புதிதாக எடுத்திருந்தது. காசை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, காரில் சாய்ந்து நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பியது. அன்றிரவே அப்பா அழைத்தார். கார் வடிவு என்றோ, என்ன விலை என்றோ கேட்கவில்லை. "எஞ்சின் ஆறியிருக்கேக்கை ஸ்ராட் பண்ணிப் பாத்தனியோ?" என்றுதான் கேட்டார். நான் "ஓம் அப்பா" என்று பொய் சொன்னேன்.

மறுநாள் வேலைக்குப் போகக் கிளப்பியபோது எஞ்சினுக்குள் சங்கிலி உரசுவது போல ஒரு சத்தம் வந்து, சில செக்கனில் நின்றது. மூன்றாம் கிழமை வேகப் பாதையில் எஞ்சின் உறுமியது, கார் ஓடவில்லை. ஏழாம் கிழமை மழையில், நோர்த் சேர்க்குலர் வீதியில் கியர் ஒன்றிலேயே சிக்கிக் கொண்டது. மனைவியும் மகனும் பின் இருக்கையில். இரண்டு கதவுக் காரில் முன் இருக்கையை மடித்தால்தான் பின்னால் இருப்பவர் இறங்கலாம். அவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தவர், நடைபாதையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றபடி, "இஞ்சேருங்கோ, அது வீட்டுக்கு வைச்ச காசெல்லே" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

கியர்பொக்ஸ் ஒயில் கருகிக் கிடந்தது, ஒருநாளும் மாற்றியிருக்கவில்லை. திருத்த 2,600 பவுண் கேட்டார்கள். நான் 350 பவுணுக்கு உடைசலுக்குக் கொடுத்தேன். மேலும் ஒன்றரை வருடம் அதே அறையில் இருந்தோம்.

அன்று படித்தது இதுதான். ஆடம்பரக் காரின் விலை வருடா வருடம் இறங்கும்; அதன் செலவு இறங்காது. நாற்பதாயிரம் பவுணுக்கு விற்ற கார் மூவாயிரத்துக்கு வரலாம். ஆனால் அதன் கியர்பொக்ஸும், பிரேக்கும், அகன்ற ரயரும் நாற்பதாயிரம் பவுண் காருக்குரியவையே. பல வேளைகளில் அந்தச் செலவைச் செய்ய முடியாத ஒருவர்தான் அதை விற்கிறார். ஆகவே காரைப் பார்க்கும்போது நாம் உண்மையில் பார்ப்பது, கடைசியாக வைத்திருந்தவர் எதைச் செய்யாமல் விட்டார் என்பதைத்தான்.

வீட்டை விட்டு வெளிக்கிட முன்பே பாதி வேலையை முடிக்கலாம். காரின் இலக்கத்தை அரசாங்கத்தின் இணையத்தளத்தில் அடித்தால் எம்.ஓ.ரி. வரலாறு இலவசமாக வரும். ஒவ்வொரு சோதனையிலும் எத்தனை மைல் ஓடியிருந்தது, எதனால் தவறியது, எதை விரைவில் கவனிக்கச் சொன்னார்கள் என்று எல்லாம் இருக்கும். மைல் கணக்கு ஓரிடத்தில் குறைந்தால் அந்தக் காரை மறந்துவிடுங்கள். ஒரே எச்சரிக்கை மூன்று வருடம் தொடர்ந்து வந்திருந்தால், வைத்திருந்தவர் பணம் செலவழிக்காதவர். இன்னொன்று, எம்.ஓ.ரி. சோதனையில் எஞ்சின், கிளச், கியர்பொக்ஸ் ஆகியவற்றின் நிலைமையைப் பார்ப்பதில்லை. நான் அதை அறியாமல் அந்தத் தாளை நம்பினேன்.

அடுத்தது வீதி வரி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிலோமீற்றருக்கு 225 கிராமுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளிவிடும் பெரிய எஞ்சின் கார், 2006 மார்ச் 23 க்கு முன் பதிவானதென்றால் இன்று வருடத்துக்கு 400 பவுணுக்குச் சற்று மேலே கட்டினால் போதும். அதே கார் அந்தத் திகதியிலோ பிறகோ பதிவாகியிருந்தால் 700 பவுணுக்கு மேலே. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மேலும், 2014 ஒக்ரோபர் முதல் பழைய உரிமையாளர் கட்டிய வரி காரோடு வராது. நீங்கள் கட்டிய பிறகுதான் வீதியில் ஏற்றலாம்.

லண்டனில் இருப்பவர்கள் புகை வலயத்தையும் பார்க்க வேண்டும். 2023 ஓகஸ்ட் 29 முதல் அது லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்துவிட்டது. பெற்றோல் கார் யூரோ 4, டீசல் கார் யூரோ 6 தரத்தில் இல்லாவிட்டால் நாளுக்கு 12.50 பவுண். நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இரவு வேலைக்கு ஓடிப் போய்க் காலையில் திரும்பினால் இரண்டு நாள் கட்டணம்! இலக்கத்தை அடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

இன்சூரன்ஸ் விலையையும் கார் வாங்க முன்பே கேளுங்கள். இலங்கை லைசென்ஸில் இங்கே குடியேறிய முதல் 12 மாதம்தான் ஓடலாம். பிறகு இங்குள்ள சோதனையில் சித்தியடைய வேண்டும். புது லைசென்ஸோடு 3.5 லீற்றர் கூப்பேக்கு விலை கேட்டால், காரின் விலையைவிட அது கூடுதலாக இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இனிக் காரிடம் போவோம். பகலில், மழை இல்லாத நேரம் போங்கள். எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று முதலே சொல்லி வையுங்கள். போனவுடன் பொனற்றில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். ஆறிய எஞ்சினைக் கிளப்பும்போது வரும் சங்கிலிச் சத்தம், நீலப் புகை, நிற்காத வெள்ளைப் புகை எல்லாம் அந்த முதல் நிமிடத்தில் தெரியக்கூடியவை. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து இனிப்பு மணம் மணத்தால், குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள் போகிறது.

சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அணைய வேண்டும். எஞ்சின் விளக்கு எரியவே இல்லை என்றால் சந்தோசப்படாதீர்கள். யாரோ அதை எரியாமல் செய்திருக்கலாம்.

பிறகு அரை மணித்தியாலமாவது ஓட்டுங்கள். ஓட்டோ கியரின் நோய் பல வேளைகளில் நன்றாகச் சூடேறிய பிறகுதான் வெளியே வரும். நின்ற நிலையில் முன் கியருக்கும் பின் கியருக்கும் மாற்றிப் பாருங்கள். தாமதமோ அடிப்பதோ இருக்கக் கூடாது. கியர்பொக்ஸ் ஒயில் எப்போது மாற்றியது என்று பற்றுச்சீட்டைக் கேளுங்கள். "இதற்கு ஒயில் மாற்றத் தேவையில்லை" என்று சொன்னால் எனது 350 பவுணை நினைத்துக் கொள்ளுங்கள்.

கூப்பேக்கென்றே சில பலவீனங்கள் உண்டு. கதவுகள் நீளம், பாரம். பிணைச்சல் தளர்ந்தால் கதவு சற்றுத் தொங்கும். சட்டம் இல்லாத கண்ணாடி உள்ள கார்களில் பெரும்பாலும், கதவைத் திறக்கும்போது கண்ணாடி சற்று இறங்கி, மூடியதும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மழைநீர் உள்ளே வரும். கால்விரிப்பைத் தூக்கி ஈரம் பாருங்கள்; பின் பெட்டியில் மேலதிக சில்லு வைக்கும் பள்ளத்தையும் பாருங்கள். குளிர்காலத்தில் இங்கே வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். சில்லு வளைவுகளையும் அடித்தளத்தையும் ரோச் லைற் அடித்துத் துரு பாருங்கள்.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஊரறிந்த குறை ஒன்று இருக்கும். 1997 முதல் 2002 வரை வந்த மெர்சிடிஸ் சி.எல்.கே.க்குத் துரு. 1999 முதல் 2006 வரை வந்த பி.எம்.டபிள்யூ. 3 வரிசைக் கூப்பேயில் பின் அச்சு பொருந்தும் அடித்தளத் தகட்டில் வெடிப்பு. சில மெர்சிடிஸ் ஆறு சிலிண்டர் எஞ்சின்களில், எம்272 என்ற வகையில், உள்ளே இருக்கும் சமநிலைத் தண்டின் பற்சக்கரத் தேய்வு. அதைத் திருத்த எஞ்சினையே இறக்க வேண்டும். நீங்கள் விரும்பும் மாதிரியின் குறையை முதலே தெரிந்துகொண்டு போங்கள்.

ரயரும் பேசும். அதன் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்தது. நான்கு சில்லிலும் நான்கு வகை மலிவு ரயர் என்றால் எஞ்சினுக்கு மட்டும் நல்ல ஒயில் விட்டிருப்பாரா?

பத்திரம் பற்றி ஒரு வார்த்தை. வி5சி என்ற பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயர், வாகனத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் பெயர். அவர்தான் சொந்தக்காரர் என்பதற்கு அது அத்தாட்சி அல்ல. முன்கண்ணாடியின் அடியில் தெரியும் சசி இலக்கத்தை அதிலுள்ளதோடு ஒப்பிடுங்கள். கடன் பாக்கி இருக்கிறதா என்று சில பவுண் கொடுத்துச் சோதியுங்கள். இல்லாவிட்டால் பிறகு வரும் கடிதங்களும் அலைச்சலும் உங்கள் தலையில். வியாபாரியிடம் வாங்கினால் 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கும்போதே குறை இருந்த காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேட்கலாம். தனியாரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. முக்கியமாக, அவர் சொன்னபடி கார் இருக்க வேண்டும் என்பதே. ஆகவே அவர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, காரின் விலையில் பாதியளவு காசு தனியே கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கார் நமக்கு இன்னும் கட்டுபடியாகாது. இது என் சொந்தக் கணக்கு.

அழகான காரில் ஏறிப் போக ஆசைப்படுவது பிழை என்று நான் சொல்லவில்லை. குளிரிலும் இரவிலும் நின்று உழைப்பவனுக்கு ஒரு ஆசை இருக்கத்தான் செய்யும். அந்த ஆசைக்கு எந்தக் காசை எடுக்கிறோம் என்பதை மட்டும் யோசிப்போம்.

போன சனிக்கிழமை அந்தத் தம்பியோடு போனேன். கறுப்புக் கார் படத்தில் போலவே வடிவாக நின்றது. நான் பொனற்றில் கையை வைத்தேன். சுட்டது. விற்பவர் சிரித்துக்கொண்டு, குளிர் என்றபடியால் கொஞ்சம் ஓடவிட்டதாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். தம்பி வழி முழுக்கப் பேசவில்லை. இறங்கும்போது, "அண்ணை, அடுத்த கிழமை இன்னொண்டு இருக்கு, வருவியளோ?" என்று கேட்டார்.

வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். அன்றிரவு அப்பாவுக்கு அழைத்து, அன்று சொன்ன பொய்யையும் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.