தக்காளி ஏலமும் ஹாக்கி ஏலமும்

என் தந்தை பரவை காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறார். விடியற்காலை மூன்று மணிக்கு அவருடைய சைக்கிள் கிளம்பும் ஓசைதான் எங்கள் வீட்டின் முதல் மணியோசை. ஆகவே ‘ஏலம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீட்டில் தக்காளிக் கூடையும் வெங்காய மூட்டையும்தான் நினைவுக்கு வரும். அப்படியிருக்க, ஒரு நாள் இரவு சாப்பிடும்போது, “அப்பா, ஹாக்கி ஆடும் அக்காமாரையும் ஏலத்தில்தான் எடுக்கிறார்களாம்” என்று நான் சொன்னதும் அம்மாவின் கை குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது.

“பொம்பளப் பிள்ளைகளையா? என்னடி சொல்ற!”

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நான் எங்கள் பள்ளி ஹாக்கி அணியின் கோல்கீப்பர். 2025 டிசம்பர் 2 அன்று மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டத்தில் இந்தியா சுவிட்சர்லாந்தை 5–0 என்று வென்றபோது, எங்கள் அணியினரை சிஸ்டர் அழைத்துச் சென்றார்கள். செம்மண்ணில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொள்ளும் எங்களுக்கு அந்த நீல நிறத் தரையைப் பார்த்ததும் பேச்சே வரவில்லை. அங்கு ஆடியவர்கள் அனைவரும் பையன்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், “பெண்கள் எங்கே ஆடுகிறார்கள், மிஸ்?” என்று உடற்கல்வி ஆசிரியையிடம் கேட்டேன். மறுவாரம் அவர்கள் ஒரு கட்டு செய்தித்தாள் நறுக்குகளை என் கையில் கொடுத்தார்கள். அவற்றில் படித்ததைத்தான் வீட்டில் சொன்னேன்.

ஹாக்கி இந்தியா லீக் 2013ஆம் ஆண்டு ஐந்து ஆண்கள் அணிகளுடன் தொடங்கியது. 2017க்குப் பிறகு அது நின்றுபோய், ஏழு ஆண்டுகள் யாரும் ஆடவில்லை. மீண்டும் தொடங்கியபோது ஆண்களுக்கு எட்டு அணிகள். பெண்களுக்கும் முதன்முதலாக நான்கு அணிகள். டில்லி, ஒடிசா, வங்காளம் என்று மூன்று. சூர்மா என்ற பெயரில் பஞ்சாப், ஹரியானா பக்கத்து அணி ஒன்று. அணிகளை விலைக்கு வாங்குகிறவை நிறுவனங்கள். ஆட்ட அட்டவணை, மைதானம், நடுவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது ஹாக்கி இந்தியா என்னும் தேசிய அமைப்பு.

பெண்களுக்கான ஏலம் 2024 அக்டோபர் 15 அன்று டில்லியில் நடந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று ஏதாவது ஓர் ஆரம்ப விலை. ஓர் அணி 24 பேரை எடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் வெளிநாட்டவர் 8 பேர். இந்தியர் 16 பேர். அந்த 16 பேரில் 4 பேர் கட்டாயம் ஜூனியர்களாக இருக்க வேண்டும் என்பது அந்த ஏலத்தின் விதி. (இந்த வரியின் கீழ் நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.) செலவு செய்ய ஓர் அணிக்கு 2 கோடி ரூபாய். ஆண்கள் அணிக்கோ 4 கோடி!

கணக்கு என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதிகமா யாரு போனது?” என்றார். உதிதா என்ற ஹரியானா வீராங்கனை, 32 லட்சத்துக்கு வங்காள அணிக்கு என்றேன். அப்பா சற்று நேரம் விரல் விட்டு எண்ணினார். “ஒருத்திக்கே முப்பத்திரண்டு போனா, மிச்சம் இருபத்து மூணு பேருக்கு ஒரு கோடியே அறுபத்தெட்டு லட்சம். ஆளுக்கு ஏழு லட்சம் சொச்சம்தான் வரும். பெரிய மூட்டை ஒண்ணு மேல போனா சின்ன மூட்டை எல்லாம் கீழதான்” என்றார். எங்கள் கணக்கு டீச்சர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

ஆட்டங்கள் 2025 ஜனவரி 12 முதல் 26 வரை ராஞ்சியில் நடந்தன. அணிகளுக்கு வெவ்வேறு ஊர்ப் பெயர் இருந்தாலும் எல்லா ஆட்டமும் ஒரே மைதானத்தில்தான். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்று அணிகளோடும் இரண்டிரண்டு முறை ஆடி, முதல் இரண்டு இடத்தில் வந்தவை இறுதி ஆட்டத்தில் மோதின. ஒடிசா அணி சூர்மாவை 2–1 என்று வென்றது. இரண்டு கோலையும் அடித்தவர் ருதுஜா பிசல் என்ற மகாராஷ்டிர வீராங்கனை.

லீக்கில் ஆட்டம் சமனில் முடிந்தால் அப்படியே விட்டுவிடுவதில்லை. எதிரணி ஆள் ஒருத்தி 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு தனியாக ஓடி வருவாள். அவளுக்கு 8 விநாடி. கோலுக்கு முன்னால் நாம் ஒருத்தி மட்டும். மற்ற நேரமெல்லாம் யாரும் திரும்பிப் பார்க்காத கோல்கீப்பரை அந்த 8 விநாடியும் ஊரே பார்க்கும். அதனால்தான் எனக்கு சூர்மா அணிக்கு ஆடிய கோல்கீப்பர் சவிதா புனியாவை மிகவும் பிடிக்கும். ஹரியானாவில் ஜோத்கான் என்னும் கிராமத்திலிருந்து அந்தக் கனமான பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலேயே பயிற்சிக்குப் போனவர் அவர். அந்தப் பையைப் பார்த்தாலே நம் ஊர் கண்டக்டர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனம் ஆறாது. ஆண்கள் லீக்கில் ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ என்று நமக்கு ஓர் அணி உண்டு. பெண்கள் லீக்கில் முதல் ஆண்டும் இல்லை, அடுத்த ஆண்டும் இல்லை. பரவையிலிருந்து ஒருத்தி அங்கே போக வேண்டுமானால் வேறு மாநிலத்து அணிக்காரர்கள் பார்த்துக் கேட்டால்தான் உண்டு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “விலை போகாத பிள்ளைக என்ன ஆகும்?”

மண்டியில் மீந்த தக்காளி மத்தியானம் மாட்டுக்குப் போய்விடும். அதை நினைத்துத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ரயில்வே போன்ற இடங்களில் வேலை கிடைத்தவர்கள் அந்த அணிக்கு ஆடுவார்கள். அடுத்த ஏலத்துக்கு மறுபடியும் பெயர் கொடுக்கலாம் என்று சொன்னேன். அப்பா கை கழுவ எழுந்து போய்விட்டார்.

நான் உண்மையில் பேச வந்தது வேறு விஷயம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போக வீட்டில் சம்மதம் வாங்கி வரும்படி ஆசிரியை கூறியிருந்தார்கள். அம்மாவோ பத்தாவதோடு மட்டையை மூலையில் வைத்துவிட வேண்டும் என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். அன்றிரவு எனக்குக் கேட்கவே தைரியம் வரவில்லை. மறுநாள்தான் அப்பாவிடம் மெல்லச் சொன்னேன். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என் கால் பேடின் வார் இரண்டு மாதமாக அறுந்து, நான் கயிற்றால் கட்டி ஆடிக்கொண்டிருந்தேன். மண்டியிலிருந்து கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டுவந்து அதைத் தைத்துக்கொண்டிருந்தார். “எட்டு விநாடின்னு சொன்னியே, அதுக்குள்ள இது அவுந்துறக் கூடாதுல்ல?” என்றார், தலை நிமிராமல்.