காவிரி எட்டாத காடு

திருத்துறைப்பூண்டி வரைக்கும் எனக்குப் பழகிய ஊர்தான். மார்கழிக் கடைசி; சம்பா கதிர் வாங்கித் தலைசாய்ந்து நிற்கிறது, மடையோரத்தில் கொக்கு, வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற ஒருவர். அதற்குப் பிறகு பஸ் கிழக்கே போகப் போக, வயல் துண்டுதுண்டாக இளைக்கத் தொடங்கியது. முள்ளியாறும் அடப்பாறும் அகலமாகத்தான் கிடக்கின்றன. ஆனால் அது ஓடுகிற தண்ணீர் இல்லை, கடல் எப்போது வாங்கிக்கொள்ளும் என்று காத்திருக்கும் வடிகால் தண்ணீர். வேதாரண்யம் நெருங்கும்போது களிமண் போய் மணல் வந்துவிட்டது. நெல் இருக்க வேண்டிய இடத்தில் தென்னை, மா, சவுக்கு, மல்லிகைக் கொல்லை.

திருவையாற்றுப் பக்கம் வளர்ந்தவனுக்குக் காடு என்பது வேறு மாவட்டத்துச் சமாச்சாரம். ஆற்றங்கரை மூங்கில் கொத்து, அய்யனார் கோயிலைச் சுற்றி நாலைந்து இலுப்பை, அவ்வளவுதான் எங்கள் பக்கத்து வனம். காடு பார்க்க வேண்டுமென்றால் முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோ ரயிலேற வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பழைய தஞ்சாவூர் ஜில்லாவுக்குள்ளேயே, டெல்டாவின் தென்கிழக்கு மூலையில், மானும் நரியும் உலவும் காடு ஒன்று இருக்கிறது என்பது பாடப்புத்தகத்தில் படித்ததுதான். படித்தது மனசில் ஏறவில்லை.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டர். வழியில் அகஸ்தியம்பள்ளி. சாலையோரம் உப்பு அம்பாரங்கள், மழைக்குக் கீற்று வேய்ந்து மூடியிருக்கிறார்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கிய ராஜாஜியும் தொண்டர்களும் 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதான இடம் இதுதான். நினைவுத்தூண் இருக்கிறது, இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டி பிடித்தேன்.

வண்டிக்குக் காத்திருந்த இடத்தில் டீக்கடை அம்மா கேட்டார்: “எந்தூரு தம்பி?”

“திருவையாறுங்க.”

“அட, தண்ணி மொதல்ல வர்ற ஊரு” என்று சிரித்தார். “இங்கல்லாம் அது வந்து சேர்றதுக்குள்ள ஐப்பசி மழையே வந்துரும்.” கல்லணையில் ஜூன் மாதம் மதகு தூக்கும்போது அடுத்த நாளே எங்கள் வாய்க்காலில் நுரை மிதக்கும். கடைமடை என்ற சொல்லைத் தினமும் பத்திரிகையில் படித்தாலும், அந்த மடையில் நிற்கிற மனுஷி சொல்லிக் கேட்பது வேறு.

கோடியக்காடு ஊரைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைகிறது. மரங்கள் உயரமில்லை. கடற்காற்று சீப்பு வைத்து ஒரே திசையில் வாரிவிட்டதுபோலத் தலை சாய்ந்த மரங்கள். ஆனால் அடர்த்தி! உள்ளே பத்தடிக்குமேல் கண் போகவில்லை. பெரும்பாலும் பாலை மரம், இங்கே பாலா என்கிறார்கள். உலக்கைக்கு ஆகிற கெட்டிக் கட்டை. தடித்த கரும்பச்சை இலை. வெயில் காலத்தில் மஞ்சளாகச் சின்னச்சின்னப் பழம் காய்க்கும், தின்றால் உதட்டில் பால் ஒட்டும் என்று கூட வந்த ஆட்டோக்காரத் தம்பி சொன்னார். இடையிடையே நாவல், உகா, பெயர் தெரியாத முட்செடிகள், கொடிகள்.

எனக்கு வியப்பாக இருந்தது அந்தப் பச்சைதான். இங்கே மழை என்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மீதி மாதங்களில் வெயிலும் உப்புக்காற்றும்தான். அப்படிப்பட்ட மண்ணில் கோடையிலும் இலை கொட்டாத காடு. தாவரவியல்காரர்கள் இதை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். சோழமண்டலக் கரையிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் மட்டும் காணக்கூடியது. நம் கரையில் பெரும்பகுதி வெட்டித் தீர்ந்தது. ஊர்க் கோயில்களைச் சுற்றிச் சாமி பயத்தில் தப்பிய துண்டுகள்தான் அதிகம். மிஞ்சியவற்றில் பெரியது என்று சொல்லத்தக்கவற்றுள் இது ஒன்று.

இது ஏன் தப்பியது என்பதற்கு எனக்கு ஒரு காரணம்தான் தோன்றுகிறது. காவிரி இங்கே வரவில்லை. வந்திருந்தால் கரிகாலன் காலத்திலோ ராஜராஜன் காலத்திலோ நிச்சயம் காட்டைத் திருத்தி நஞ்சையாக்கி, பிரமதேயம் கொடுத்து, வாய்க்காலுக்குப் பேரும் வைத்திருப்பார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும். மண்வெட்டி படாத தஞ்சாவூர் மண் எப்படி இருக்கும் என்று அறிய வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

காடு சட்டென்று விலகி வெட்டவெளி வந்தது. புல்தரை. அதில் வெளிமான்கள். கிடாவுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிய கொம்பு, பெட்டைகள் மண்நிறம். எண்ணத் தொடங்கினால் நகர்ந்துவிடுகின்றன. ஒன்று துள்ளினால் பின்னால் வருவதெல்லாம் துள்ளுகின்றன, தாண்டுவதற்கு எதிரே ஒன்றுமில்லாவிட்டாலும். இவற்றுக்காகத்தான் 1967இல் இதைச் சரணாலயமாக்கினார்கள். கொஞ்ச தூரத்தில் மட்டக்குதிரைகள் மேய்ந்தன. எப்போதோ மனிதர்கள் வளர்த்து விட்டவற்றின் வழிவந்தவை. இப்போது யாருக்கும் சொந்தமில்லை. மானுக்கும் குதிரைக்கும் ஒரே புல். போதாததற்குச் சீமைக்கருவேல் வேறு புல்தரைக்குள் கால்வைத்து வருகிறது. வனத்துறை வெட்டிக்கொண்டே இருக்கிறது, அது முளைத்துக்கொண்டே இருக்கிறது.

முறிந்த அடிமரங்களும் கண்ணில் பட்டன. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் இந்தப் பக்கமாகத்தான் கரையேறியது. “அன்னிக்கு மறுநாள் காட்டைப் பாத்தா வானம் தெரிஞ்சுது சார்” என்றார் தம்பி. மான்களும் செத்தன.

சுந்தரர் இங்கே வந்திருக்கிறார். கோடிக்குழகர் கோயில் சின்னதுதான், கூட்டமில்லை. சுந்தரருடைய பதிகம் வேறு எந்தத் தலத்துப் பதிகம் போலவும் இல்லை. சாமியைப் பார்த்து இரங்குகிறார்: கடற்காற்று வந்து அறைகிறது, காடு பெரியது, பொந்துகளில் ஆந்தையும் கூகையும் அலறி உன் தேவியை அச்சுறுத்துகின்றன, வேடர்களும் நல்லவர்கள் இல்லை, துணையில்லாமல் இங்கே ஏன் வந்து குடியிருக்கிறாய் என்று. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இக்காடு எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது. கல்கியும் ‘பொன்னியின் செல்வ’னில் பூங்குழலியை இந்தக் கரையில்தான் படகோட்ட விட்டார். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 சுனாமியில் சிதைந்துபோனது. நாவலைப் படித்துவிட்டு அதைத் தேடி வருகிறவர்கள் செங்கல் குவியலைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். காட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ராமர் பாதம் ஒரு மணல்மேடு. மேலே சிறு மண்டபம். இலங்கை இருக்கும் திசையை ராமர் இங்கே நின்று பார்த்தாராம். உயரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இந்த மட்டமான பூமியில் இதுவே மலை. ஏறி நின்றால் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் முடிவே தெரியாத சதுப்பு. அதில் வெள்ளைக் கோடாகப் பூநாரைகள்; கட்ச் ராணிலிருந்து வருகிறவை என்கிறார்கள். அவற்றின் காலடியில் ஓடித் திரியும் உள்ளான்கள் சைபீரியாவின் வட ஓரத்திலிருந்து வருபவை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2002இல் இந்தச் சதுப்பு, உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் நுழைந்த முதல் இடம்.

கடற்கரையில் ஒரு தற்காலிக ஊரே இருந்தது. ஐப்பசியில் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்தும் வேறு கரைகளிலிருந்தும் மீனவக் குடும்பங்கள் படகோடு வந்து கீற்றுக்கொட்டகை போட்டு மாசி முடியும் வரை தங்குகின்றன. காலா, வாவல், இறால், நண்டு. ஏலம் முடிந்திருந்தது. கருவாடு காயப்போட்டிருந்த ஆத்தாவிடம் வாளை கேட்டேன்.

“பஸ்ஸுல போறியா? கண்டக்டர் ஏத்த மாட்டான். காயட்டும், தை பிறந்து வா, நல்லதா எடுத்து வைக்கிறேன்.”

“தையில அறுப்பு இருக்கு ஆத்தா.”

“அப்ப மாசியில வா. பங்குனின்னா நாங்க இருக்க மாட்டோம், அந்தக் குருவிங்களும் இருக்காது” என்று சொல்லிவிட்டு, காக்கையை விரட்ட எழுந்து போனார்.