ஃபார்பாயிண்ட்டை யார் கெடுத்தார்கள்?

‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும், அதைப் பார்த்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: முதல் சீசனை விட்டுவிடு, மூன்றாவதிலிருந்து ஆரம்பி. ஏழு சீசன் ஓடிய தொடருக்கு இப்படி ஒரு சிபாரிசு. எனக்கு எதையும் நடுவில் ஆரம்பிக்கிற பழக்கம் இல்லை. 1987 செப்டம்பரில் வெளியான அதன் முதல் அத்தியாயத்தை, ‘என்கவுண்டர் அட் ஃபார்பாயிண்ட்’டை, முழுதாகப் பார்த்தேன். விளம்பரங்கள் போக ஒன்றரை மணி நேரம்தான். எழுந்தபோது அடுத்தடுத்து இரண்டு படம் பார்த்த களைப்பு.

கதை மோசமில்லை. ஒரு தூரத்துக் கிரகத்தில் பாண்டி என்ற மக்கள் அதிசயமான விண்வெளி நிலையம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒருவர் ஆப்பிள் வேண்டும் என்று நினைத்தால் பக்கத்தில் ஆப்பிள் வந்து உட்கார்ந்திருக்கிறது. துணிக்கடையில் பொன் நிறப் பூ போட்டிருந்தால் நன்றாயிருக்குமே என்று மருத்துவர் கிரஷர் சொல்லி வாய் மூடுவதற்குள் அப்படியே ஒரு துணி கிடக்கிறது. இதற்கெல்லாம் காரணம், அந்த நிலையம் கட்டடமே இல்லை, உயிருள்ள ஒரு ஜீவன் என்பது. அடிபட்டு இறங்கிய அதைப் பாண்டிகள் பிடித்து, பட்டினி போட்டு, நினைத்த உருவத்துக்கெல்லாம் மாறவைத்திருக்கிறார்கள். அதைத் தேடி அதன் துணை வானத்தில் வந்து நிற்கிறது. நல்ல சிறுகதைக்குரிய விஷயம்.

ஆனால் அந்த விஷயத்துக்கு வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது. கப்பல் இரண்டாகப் பிரிகிறது, பிறகு சேர்கிறது. சேர்க்கிற வேலையைத் துணைத் தளபதி ரைக்கர் கணினி உதவி இல்லாமல் செய்யவேண்டும் என்று தளபதி பிகார்ட் சொல்ல, அது அங்குலம் அங்குலமாக நகர்கிறது. அதற்கு முன்னால், கப்பலுக்கு வந்து சேரும் ரைக்கரை ஒரு திரைமுன் நிறுத்தி, நாம் ஏற்கெனவே பார்த்து முடித்த சம்பவங்களின் பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். நேரத்தை இழுக்க இதைவிடப் பச்சையான வழி கிடையாது. போதாததற்குக் கியூ என்ற சர்வசக்தி படைத்த ஒருவன் வந்து மனிதகுலத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறான். அந்த விசாரணைக்கும் பாண்டிகளின் நிலையத்துக்கும் இருக்கிற தொடர்பு, கியூ வாயால் சொல்கிற தொடர்பு மட்டும்தான்.

பழைய ஆட்கள், பணம், அனுபவம் எல்லாம் இருந்தும் இது ஏன் இப்படி ஆனது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பேட்டிகள், தயாரிப்பு வரலாறுகள், முதல் தொடரில் தளபதி கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் 2014இல் எடுத்த ‘கேயாஸ் ஆன் த பிரிட்ஜ்’ ஆவணப்படம் என்று தேடிப் போனேன்.

முதல் தடயம் டைட்டில் கார்டிலேயே இருந்தது. எழுதியவர்கள் இருவர்: டி.சி. ஃபான்டானா, ‘ஸ்டார் ட்ரெக்’கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி. ஃபான்டானா ராடன்பெரியிடம் செயலாளராகச் சேர்ந்தவர். பெண் என்று தெரிந்தால் சாகசக் கதை வாங்கமாட்டார்கள் என்ற காலத்தில் பெயரை இரண்டு எழுத்துக்குள் ஒளித்துக்கொண்டு, 1960களின் முதல் ‘ஸ்டார் ட்ரெக்’கில் கதைப் பொறுப்பாசிரியர் வரை உயர்ந்தவர். அதன் நாயகர்களில் ஒருவரான ஸ்பாக்கின் தாய் தந்தையைத் திரைக்குக் கொண்டுவந்த கதை அவருடையது. ஃபார்பாயிண்ட் நிலையம், பாண்டிகள், சிறைப்பட்ட ஜீவன், இவை அவர் எழுதியவை. கியூவும் நீதிமன்றமும் ராடன்பெரி பிற்பாடு சேர்த்தவை. தொடக்கம் ஒரு மணி நேரமா, ஒன்றரையா, இரண்டா என்று முடிவாகாமலே எழுத்து நடந்திருக்கிறது. பாரமவுண்ட் ஸ்டூடியோவுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். ஃபான்டானாவின் கதை அவ்வளவு தாங்காது. மீதிக்கு ராடன்பெரி துணி வெட்டி ஒட்டுப்போட்டார். நான் படத்தில் கண்ட தையல் இதுதான்.

சரி, அந்த ஒட்டுத்துணி எங்கிருந்து வந்தது? இங்கே தேடல் சுவாரசியமாகிவிட்டது. கியூவுக்கு ஒரு மூத்த அண்ணன் இருக்கிறான். 1967 ஜனவரியில் ஒளிபரப்பான ‘த ஸ்குவயர் ஆஃப் கோதோஸ்’ அத்தியாயத்தில் வரும் ட்ரெலேன் அவன். சர்வசக்தி, பழங்கால உடை, குழந்தைத்தனமான பிடிவாதம். கடைசியில் நீதிபதியின் பொய்முடி தரித்துக்கொண்டு தளபதி கிர்க்கை விசாரிக்கவும் செய்கிறான். மனிதனைவிட மேலான ஒன்று மனிதனைக் கூண்டில் வைத்து எடைபோடுவது ‘ஸ்டார் ட்ரெக்’குக்கு ராடன்பெரி எடுத்த முதல் முன்னோட்டப் படமான ‘த கேஜ்’ காலத்திலிருந்தே அவரை விடாத கதை. அவர் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் வேலை பார்த்தவர் என்பதை இதோடு முடிச்சுப்போட ஆசையாக இருக்கிறது. அது என் ஊகம் மட்டுமே.

மற்ற பாத்திரங்களும் பழைய பெட்டியிலிருந்து வந்தவர்கள்தான். 1977இல் பாரமவுண்ட் ‘ஃபேஸ் டூ’ என்று ஒரு ஸ்டார் ட்ரெக் தொடருக்குத் திட்டமிட்டு, பிறகு கைவிட்டு, அதன் தொடக்கக் கதையை 1979இல் திரைப்படமாக்கியது. அதில் டெக்கர் என்ற இளம் அதிகாரி. அவனுடைய பழைய காதலி, பிறர் மனத்தை உணரக்கூடிய இலியா. அவர்களே ரைக்கரும் கப்பலின் ஆலோசகர் ட்ராயும் ஆனார்கள். இலியாவாகப் படத்தில் நடித்தவர் பம்பாயிலிருந்து போன பெர்சிஸ் கம்பாட்டா. அந்த மொட்டைத் தலை நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் பேசப்பட்டதுதான். இயந்திர மனிதன் டேட்டாவுக்கு 1974இல் வந்த ‘த குவெஸ்டர் டேப்ஸ்’ என்ற ராடன்பெரியின் தொலைக்காட்சிப் படத்தில் முன்னோடி உண்டு.

இந்த இடத்தில், பழையதைத் திரும்பப் பயன்படுத்தியதுதான் குற்றம் என்று தீர்ப்பு எழுதியிருக்கலாம். ஆனால் ‘த கேஜ்’ குறித்துப் படித்தபோது அது சரியாகப்படவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம், மூளைக்கு வேலை அதிகம் என்று ஒதுக்கியது. ஆனால் இன்னொன்று எடுத்துவா என்று வழக்கத்துக்கு மாறாகப் பணமும் கொடுத்தது. தளபதி மாறினார், நடிகர்கள் ஏறக்குறைய எல்லோருமே மாறினார்கள், ஸ்பாக் மட்டும் தப்பித்தார். 1966 செப்டம்பர் 8 அன்று வீடுகளுக்கு வந்துசேர்ந்த தொடர், ஒருமுறை அடிவாங்கித் திருந்திய தொடர்.

1987இல் அடிக்க யாரும் இல்லை. நெட்வொர்க்குகளோடு பாரமவுண்ட் பேசிப் பார்த்தது. முதலில் முன்னோட்டம் எடுங்கள் என்றது ஒரு நிறுவனம், குறுந்தொடர் போதும் என்றது இன்னொன்று, அப்போதுதான் பிறந்திருந்த ஃபாக்ஸ் பதின்மூன்று அத்தியாயத்துக்கு மேல் உறுதி தரவில்லை. பாரமவுண்ட் யாரையும் நம்பாமல், நாடெங்கும் உள்ள உள்ளூர் நிலையங்களுக்கு நேரடியாகக் கொடுத்தது. தொடர் இலவசம், ஒரு மணி நேரத்தில் வரும் பன்னிரண்டு நிமிட விளம்பரத்தில் ஏழு பாரமவுண்ட்டுக்கு, ஐந்து நிலையத்துக்கு. அத்தியாயத்துக்குச் சுமார் 13 லட்சம் டாலர் செலவு, முதல் சீசனுக்கு 26 அத்தியாயம் என்று முன்கூட்டியே முடிவு. விற்பனைக்கு ஆரவாரமான தொடக்கம் தேவை, அதனால் இரண்டு மணி நேரம். மறுஒளிபரப்பில் அதையே இரண்டாக நறுக்கிக் கொள்ளலாம்.

அதாவது ஃபார்பாயிண்ட் ஒரு முன்னோட்டமே அல்ல. தேறவேண்டிய தேர்வு எதுவும் அதன் முன்னால் இருக்கவில்லை. 1965இல் என்றால் ஒரு நிர்வாகி பார்த்துவிட்டு, விசாரணையை எடு அல்லது நிலையத்தை எடு என்றிருப்பார். இங்கே அதைச் சொல்லும் உரிமை உள்ளவர் ராடன்பெரி ஒருவர்தான், ஒட்டுப்போட்டவரும் அவரே. 1979 படத்துக்குப் பிறகு திரைப்படங்களில் ஓரங்கட்டப்பட்டிருந்த மனிதர், கையில் திரும்பக் கிடைத்த அதிகாரத்தை விட்டுக்கொடுப்பாரா? எதிர்கால மனிதர்கள் தங்களுக்குள் சண்டைபோட மாட்டார்கள் என்று அவர் விதித்த கட்டளையால் எழுத்தாளர்கள் தவித்தார்கள். இணைப்பெயர் என்றால் வருமானத்திலும் பங்கு என்பது ஹாலிவுட் நடைமுறை. ஃபான்டானாவுக்கு அந்தக் கசப்பும் சேர்ந்தது. முதல் சீசனிலேயே அவர் வெளியேறினார். அவரைப் போல இன்னும் சிலரும்.

இரண்டாம் சீசனின் தொடக்கம் இன்னும் பரிதாபம். 1988இல் எழுத்தாளர் சங்க வேலைநிறுத்தம் ஐந்து மாதம் நீண்டது. கையில் கதை இல்லாமல் ‘ஃபேஸ் டூ’வுக்கு எழுதிவைத்த ‘த சைல்ட்’டைத் தூசி தட்டி எடுத்தார்கள். இலியாவுக்கு எழுதிய கர்ப்பம் ட்ராயின் வயிற்றுக்கு மாறியது.

ஆனால் எந்த ஏற்பாடு தொடக்கத்தைக் கெடுத்ததோ அதுவே தொடரைக் காப்பாற்றவும் செய்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நெட்வொர்க்காக இருந்திருந்தால் சில வாரங்களிலேயே இழுத்து மூடப்படும் அபாயம் எப்போதும் இருந்திருக்கும். பிகார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டே இது ஓடாது என்று நினைத்துப் பல வாரம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தார். உள்ளூர் நிலையங்கள் வாக்குக் கொடுத்திருந்ததால் தொடருக்குத் தடுமாற நேரம் கிடைத்தது. மூன்றாம் சீசனில் மைக்கேல் பில்லர் எழுத்துப் பொறுப்பை ஏற்று, வெளியாட்களின் கதைகளையும் வாங்கிப் படித்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் ரொனால்ட் டி. மூர்.

அந்த மூரும் பிரானன் பிராகாவும் எழுதியதுதான் 1994 மே மாதம் வந்த இறுதி அத்தியாயம், ‘ஆல் குட் திங்ஸ்’. கியூ மறுபடி அதே நீதிமன்றத்துக்குப் பிகார்டை இழுத்துவந்து, விசாரணை முடியவே இல்லை என்கிறான். ராடன்பெரியின் ஒட்டு அங்கே உயிர்பெற்று நிற்கிறது. அந்த அத்தியாயம் ஹ்யூகோ விருதும் வாங்கியது. ஜான் டி லான்சி நடித்த கியூ இல்லாத தொடரை இன்று யாராலும் கற்பனை செய்ய முடியாது. பாண்டிகளையும் அந்தப் பட்டினி ஜீவனையும் நினைப்பவர் குறைவு. அந்தப் பாதிதான் மேலான கதை என்பது என் கட்சி.

ஃபான்டானா ஒருமுறை திரும்பிவந்தார். ராடன்பெரி இறந்தபின், 1993இல், ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் ‘டாக்ஸ்’ அத்தியாயத்துக்குப் பீட்டர் ஆலன் ஃபீல்ட்ஸுடன் சேர்ந்து திரைக்கதை எழுதினார். அதுவும் நீதிமன்றக் கதைதான். முன் பிறவி போன்ற ஒரு வாழ்க்கையில் நடந்ததாகச் சொல்லப்படும் கொலைக்கு இப்போதிருக்கும் பெண் பொறுப்பா என்று வாதாடுகிறார்கள். நூறு வயதுப் பெண் நீதிபதி ஒருத்தி சலிப்போடு கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு மணி நேர ஒளிபரப்புக்கு எழுதிய கதை, அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.