மண்ணுக்குள் இட்ட பாஷை

டெக்ஸாஸ் மாகாணத்தின் மேற்குக் கோடியில், மரங்கள் அருகிப் புல்வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் வறண்ட மேட்டு நிலத்தில், மார்ஃபா என்னும் சிற்றூரில், வெயிலில் உலர்த்திய பச்சை மண்கல்லால் 1909-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட பள்ளிக்கூடம் ஒன்று இன்றும் நிற்கிறது. கோபுரமோ, சிற்பமோ, அரசர் பெயர் பொறித்த சாசனமோ அங்கே கிடையாது. ஆயினும் அந்தத் தேசத்தின் எத்தனையோ கோட்டை கொத்தளங்களைக் காட்டிலும் பிளாக்வெல் பள்ளியின் இந்த மண்சுவரையே மேலான சரித்திரச் சின்னமாக நான் மதிக்கிறேன்.

மெக்ஸிகோ வம்சத்துக் குழந்தைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட பள்ளி அது. அவர்களைப் பிரித்து வைக்கவேண்டும் என்று மாகாணச் சட்டம் எதுவும் கட்டளையிடவில்லை. ஊர் வழக்கமே சட்டத்தின் காரியத்தைச் செய்து முடித்தது. போதனை முழுவதும் ஆங்கிலத்தில்தான் நடக்கவேண்டும் என்று 1918-இல் மட்டும் ஒரு சட்டம் பிறந்தது. தாய்மடியில் கேட்ட ஸ்பானிய மொழியில் ஒரு வார்த்தை தவறி வந்துவிட்டாலும், பிள்ளைகள் மரப்பலகையால் அடிபட்டார்கள். இத்தனைக்கும் மண்ணையும் வைக்கோலையும் நீரையும் குழைத்துக் கல் அறுக்கும் கலை அவர்களுடைய முன்னோர் கைப்பட வளர்ந்தது. பாட்டன் வீட்டுச் சுவர் எதனால் ஆனதோ அதனாலேயே ஆன சுவருக்குள்தான் பாட்டனுடைய பாஷை விலக்கப்பட்டது.

கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளிகள் நடத்துவது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 1954-ஆம் ஆண்டிலேயே, இப்பள்ளியில் ஒரு சவ அடக்கம் நடந்தது. மாணவர்கள் ஸ்பானிய வார்த்தைகளைத் துண்டுக் காகிதங்களில் எழுதினார்கள். அக்காகிதங்கள் ஒரு சிறு பெட்டிக்குள் போடப்பட்டன. கொடிக்கம்பத்தருகே குழி தோண்டி, ‘திருவாளர் ஸ்பானிஷ்’ இறந்துவிட்டதாகப் பாவித்து, அந்தப் பெட்டியை மண்ணுக்குள் இட்டார்கள். அன்று மாலை வீடு திரும்பிய குழந்தை, அடுப்படியிலிருந்து தாய் கூப்பிட்டபோது எந்தப் பாஷையில் பதில் சொல்லியிருக்கும் என்பதை நினைக்க மனம் பதைக்கிறது.

1965-இல் ஊர்ப் பள்ளிகள் ஒன்றாயின, பிளாக்வெல் மூடப்பட்டது. மண்கட்டிடத்தைக் கவனியாமல் விட்டால் மழை கரைத்துவிடும். மனிதர் மறதியும் அப்படியே. 1909-ஆம் ஆண்டுக் கட்டிடமும், வாத்தியக் குழுவுக்கென்று 1927-இல் கட்டப்பட்ட கூடமும் மண்ணோடு மண்ணாகாமல் காத்தவர்கள் அங்கே அடிபட்டுப் படித்தவர்களே. அவர்கள் விடாது உழைத்ததன் பயனாக, 2022 அக்டோபரில் அப்பள்ளி தேசிய சரித்திர ஸ்தலமாகச் சட்டபூர்வமாக ஏற்கப்பட்டது. வனங்களும் பள்ளத்தாக்குகளும் பொதுநிலம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஆனால், ஸ்பானிய மொழி பேசும் பரம்பரையினரின் அண்மைக்கால வாழ்வைச் சொல்லும் பொதுநிலங்கள், பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீஸர் சாவேஸுக்கு 2012-இல் ஏற்பட்ட நினைவிடம் போன்ற மிகச் சிலவே. வீட்டுத் திண்ணையில் முணுமுணுத்து வந்த துக்கத்தைத் தேசம் தன் சொந்த நிலமாக ஏற்றுக்கொண்ட பிறகு, ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

சர்க்கார் கண் திறப்பதற்கு வெகுமுன்பே, 2007-இல், நரைத்த தலையரான அந்த மாணவர்கள் பள்ளி வளாகத்தில் மீண்டும் கூடினார்கள். ஒரு சடங்காக மண்ணைத் தோண்டினார்கள். அன்று புதைத்த பெட்டிக்கு அடையாளமாக ஒரு பெட்டியை வெளியே எடுத்துத் திறந்தார்கள். உள்ளே இருந்தது ஒரு ஸ்பானிய அகராதி.