வியாசம் எழுதும் விதம்

கணக்கையும் சரித்திரத்தையும் கண்டு கலங்காத பிள்ளைகள்கூட வியாசம் என்றதும் முகம் சுண்டிப் போகிறார்கள். இதற்குப் பரிகாரமாகக் கடைகளில் "நோட்ஸ்" புஸ்தகங்கள் மலிந்து கிடக்கின்றன. அவை போதாவென்று, தலைப்பைச் சொன்ன மாத்திரத்தில் வியாசம் முழுவதையும் எழுதித் தரும் வசதியும் இப்போது கைப்பேசியிலேயே வந்துவிட்டது. "இனிமேல் இந்தத் தொல்லை குழந்தைகளுக்கு எதற்கு?" என்று பெற்றோர் சிலர் என்னைக் கேட்கிறார்கள். இருபது வருஷ காலமாக வியாச நோட்டுக்களைத் திருத்தி வருகிறவன் என்ற உரிமையில் அவர்களுக்குப் பதில் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் பத்தாம் வகுப்பில், "எங்கள் ஊர் ஏரி" என்ற விஷயத்தைக் கொடுத்தேன். நாற்பது நோட்டுக்கள் வந்தன. வியாசம் என்னவோ ஒன்றேதான். நாற்பதிலும் ஏரி நாட்டின் உயிர்நாடி. நாற்பதிலும் நம் முன்னோர்கள் தீர்க்கதரிசிகள். எங்கள் ஊரின் பெயர் மட்டும் எதிலும் காணோம். அவர்களில் ஒரு பெண்ணின் தகப்பனார் ஏரியின் மதகைத் திறந்து, வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி. அவளுடைய வியாசத்தில் மதகும் இல்லை, தகப்பனாரும் இல்லை.

"ஏனம்மா, உன் அப்பாவின் வேலையைப் பற்றி இரண்டு வரி எழுதக் கூடாதா?" என்றேன்.

"அதையெல்லாம் எழுதலாமா, ஸார்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

தான் கண்டதும் கேட்டதும் எழுத்துக்கு லாயக்கில்லை, பிறர் எழுதி வைத்ததே எழுத்து என்று ஒரு குழந்தை நம்புவதைக் காட்டிலும் பெரிய அடிமைத்தனம் வேறு என்ன இருக்கிறது? தேசம் 1947-இல் விடுதலை அடைந்தது. சுயமாகச் சிந்திக்கும் விடுதலையையோ ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் சம்பாதித்தாக வேண்டும். அதற்குப் பயிற்சிக்கூடம் வியாச வகுப்புத்தான்.

வியாசத்தின் முதல் வேலை எழுதுவதன்று, சேகரிப்பது. தெரிந்தவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். தெரியாதவற்றைக் கேள்விகளாக்கி, தெரிந்தவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். அந்தப் பெண் தகப்பனாரைக் கேட்டுப் பன்னிரண்டு குறிப்புக்களுடன் வந்தாள். "இவற்றால் நீ சொல்லப் போவது என்ன? ஒரே வாக்கியத்தில் சொல்" என்றேன். நெடுநேரம் யோசித்து, "ஏரி நிறைந்தால் மட்டும் போதாது, பங்கீடு நேர்மையாக இருந்தால்தான் கடைமடைக்கும் தண்ணீர் போகும்" என்றாள். இந்த வாக்கியம் அகப்பட்டதும் ஐந்து குறிப்புக்கள் தாமாகவே உதிர்ந்துவிட்டன. மற்றவற்றுக்கு ஒழுங்கும் எளிதில் அமைந்தது: தண்ணீர் போகும் வழியே வியாசத்தின் வழி. முதலில் கரை, பிறகு மதகு, பிறகு வாய்க்கால், முடிவில் கடைமடை வயல்.

திட்டம் அமைந்துவிட்டால் நிறுத்தாமல் எழுத வேண்டும். அழகான சொல்லுக்காக நடுவே பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காரலாகாது. மகாத்மா காந்தி "ஹிந்த் ஸ்வராஜ்" என்னும் நூலை 1909-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் பத்தே நாட்களில் எழுதி முடித்தார். வலது கை ஓய்ந்தபோது, சுமார் 40 பக்கங்களை இடது கையால் எழுதினார். அந்த வேகத்துக்குக் காரணம், அவர் பல காலம் சிந்தித்தும் பலருடன் வாதித்தும் முடிவு கண்ட விஷயம் அது என்பதே. யோசனை முதிர்ந்திருந்தால் கை தடுமாறாது.

எழுதியதை அன்றே திருத்தக் கூடாது. ஓர் இரவு கழிந்தபின், வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் பிழை காதுக்குத் தப்பாது. எவ்வாறு திருத்துவது என்பதற்கு அயல்நாட்டு நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் செய்த நன்னூலில், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தை வகுத்திருக்கிறார். அவற்றில் மூன்றை மட்டும் என் மாணாக்கர்களுக்குச் சொல்வேன். சொன்னதையே திரும்பச் சொன்னால் அது கூறியது கூறல், அடித்துவிடு. ஏரியைப் பற்றிச் சொல்ல வந்தவன் கங்கையின் பெருமையில் இறங்கினால் அது மற்றொன்று விரித்தல், அதையும் அடித்துவிடு. உற்சாகமாக ஆரம்பித்துப் போகப் போகச் சோர்ந்து முடிந்தால் அது சென்று தேய்ந்து இறுதல்; கடைசிப் பாராவை மறுபடியும் எழுது. பெரும்பாலும் முதற் பாராவை முழுவதும் எடுத்துவிட்டாலும் நஷ்டமில்லை. அது எழுதுகிறவன் தொண்டையைக் கனைத்துக்கொண்ட சப்தமே!

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். குழந்தை வியாசம் எழுத உட்காரும்போது நோட்ஸ் புஸ்தகத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். "நீ என்ன பார்த்தாய்? உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். பதில் வர நேரமானாலும் பொறுத்திருங்கள். மார்க்கு இரண்டு குறைந்தால் அடுத்த பரீட்சையில் ஈடு செய்துவிடலாம். தன் கண்ணையே நம்பாமல் வளர்ந்துவிட்ட குழந்தைக்கு எந்தப் பரீட்சையில் ஈடு செய்வது?