மூணு அள்ளு

எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் எப்போதும் ஒரு மர அகப்பை கிடக்கும். தங்கை பிறந்த 1984-ல், திருவாரூர் தேரடிக் கடையில் வாங்கியது. அதில் தலைதட்டி மூன்று முறை அள்ளினால், ஐந்து பேருக்கும் ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும். அம்மா ஆழாக்கைத் தேடியதே இல்லை. 'மூணு அள்ளு' என்பதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு.

பிறகு நான் சென்னைக்கு வந்தேன். தம்பி ஓசூர் போனான். தங்கை கல்யாணமாகிக் கோவையில் குடியேறினாள். அம்மாவின் கை மட்டும் மூணு அள்ளிலேயே நின்றுவிட்டது. தினமும் சோறு மிஞ்சும்.

''ரெண்டு கிழத்துக்கு எதுக்குடி இவ்வளவு?'' என்று அப்பா சத்தம் போடுவார்.

''கை பழகிப்போச்சு. நான் என்ன பண்ண?'' என்பாள் அம்மா.

2018 நவம்பரில் வந்த கஜா புயல், மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லைப் பூவரசையும் சாய்த்துவிட்டுப் போனது. சின்ன வயதில் நாங்கள் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய மரம். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது கரன்ட் இல்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து, பூவரசங்கட்டை ஒன்றைச் செதுக்கிக்கொண்டு இருந்தார். தெருக்கோடி ஆசாரியிடம் இரவல் வாங்கிய உளி.

''என்னப்பா இது?''

''உங்கம்மா கையைத் திருத்த முடியாது. அகப்பையைத் திருத்திரலாம்ல?''

எழுபது வயதில் புதுத் தொழில். ஆசாரி சொல்லிக்கொடுத்ததை எனக்கும் சொன்னார். மரம் பச்சையாக இருக்கும்போதே செதுக்கிவிட வேண்டும். காய்ந்தால் உளி இறங்காது. குழி தோண்டும்போது விளிம்பிலிருந்து அடியை நோக்கி இறக்க வேண்டும். அடியிலிருந்து மேலே ஏற்றினால் சிலாம்பு கிளம்பும். செதுக்கியதை வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்; நிழலில்தான் உலர்த்த வேண்டும். அப்புறம் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கி, தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும்.

பூவரசு அதற்கேற்ற மரம்தான். ஹவாய்த் தீவுகளிலும் இதே மரம் உண்டு. மிலோ என்பார்கள். சாப்பாட்டில் மரவாடை ஏறாது என்பதால், அந்தக் காலத்தில் உணவுக் கிண்ணங்களையே அதில் குடைந்தார்களாம். அப்பாவிடம் சொன்னேன். ''அவனும் நம்மாளுதான்'' என்றார்.

மூன்று அகப்பை வீணாகி, நான்காவது தேறியது. பழசில் பாதிதான் இருக்கும். அம்மா வழக்கம்போல மூன்று முறை அள்ளினாள். இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது. அப்பா முகத்தில், பெரிய வழக்கில் ஜெயித்த வக்கீலின் களை!

2021-ல் அப்பா போய்விட்டார். எங்கள் யாரோடும் வந்து இருக்க அம்மா சம்மதிக்கவில்லை. போன வருஷம் ஊருக்குப் போனபோது, பரணில் அந்தப் பூவரசங்கட்டையின் மிச்சம் கிடப்பதைப் பார்த்தேன். அப்பா வழியில் யோசித்தேன். ஒரு ஆளுக்கு ஓர் அகப்பை!

கட்டை இரும்பாக இறுகியிருந்தது. இரண்டு நாள் போராடி, கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு, ஒருபக்கம் கோணலாக ஒன்றைச் செய்து நீட்டினேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

''நல்லாருக்குடா. உப்பு ஜாடியில கரண்டி துருப்பிடிச்சுக் கெடக்கு. அதுக்கு ஆச்சு'' என்று அதில் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் உலை வைக்கும்போது அப்பாவின் அகப்பையை எடுத்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு.

''நான் இல்லாத நாள்லயும் இதே அளவுதானாம்மா?''

''ஆமா. மிச்சத்துல ராத்திரி தண்ணி ஊத்திவெச்சா, காலையில பழையது. உங்கப்பா காலையில வேற என்ன கேட்டிருக்காரு?'' என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

நான் உப்பு ஜாடியை மூடிவைத்தேன். அன்று ராத்திரி வீட்டில் நாங்கள் இரண்டு பேர். சோறு சரியாக இருந்தது.