பழைய பதிவுக் கருவி: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

மொழியியல் துறைகள் பலவற்றில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதன் அடித்தட்டில் பழைய ஒலிப்பதிவுக் கருவிகள் குவிந்து கிடக்கும்: கேசட் ரெக்கார்டர், மினிடிஸ்க், முதல் தலைமுறை டிஜிட்டல் ரெக்கார்டர், எந்தக் கருவிக்குரியதென்று யாருக்கும் தெரியாத அடாப்டர்கள். களப்பணிக்குப் புறப்படும் மாதத்தில்தான் பெரும்பாலும் அந்த அலமாரி திறக்கப்படும். இருப்பதைச் சரிசெய்து எடுத்துச் செல்வதா, புதிதாக வாங்குவதா என்ற கேள்வியும் அப்போதுதான் எழும். பதில் பெரும்பாலும் விலையை வைத்தே முடிவாகிறது. பழுதுபார்க்கும் கூலி புதிய கருவியின் விலையில் பாதியைத் தாண்டினால் கைவிட்டுவிடலாம் என்பது கடைத்தெருக் கணக்கு. ஆய்வுக்கு அந்தக் கணக்கு போதாது. கருவி எந்த வேலைக்காக வேண்டும் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிழக்கிந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முண்டாரி மொழியின் ஒலிப்பியலை ஆராயும் மாணவி ஒருவருக்கு இந்தக் கேள்வி இரண்டு வடிவங்களில் வந்தது. அவர் முன் இருந்தவை இரண்டு கருவிகள். ஒன்று, பன்னிரண்டு ஆண்டுகள் பழைய டிஜிட்டல் ரெக்கார்டர். ஒலிவாங்கியின் கம்பி சற்று அசைந்தாலும் அதில் 'படக்' என்றொரு ஓசை விழுந்தது. மற்றொன்று, நெறியாளர் தம் இளமையில் களத்துக்குத் தூக்கிச் சென்ற கேசட் ரெக்கார்டர். அது சுழலவே மறுத்தது. அதனுடன், 1990களில் ஜார்க்கண்டின் குந்திப் பகுதியில் பதிவுசெய்யப்பட்ட நாற்பது கேசட்டுகளும் இருந்தன. அவர் பெற்றுவந்த பல்கலைக்கழக மானியக் குழு உதவித்தொகையில், மானிடவியல் புலங்களுக்கான கன்டின்ஜென்சி முதல் 2 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், அதன் பிறகு 20,500 ரூபாய். நான்காம் ஆண்டில் இருந்த அவர், தரமான புதிய ரெக்கார்டர் ஒன்றை வாங்கினால் அந்த ஆண்டுக்குரிய தொகை ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிடும்.

டிஜிட்டல் கருவியில் முதுமை மெல்லத்தான் தெரியும். பேட்டரி முனைகளில் பச்சை படியும். உள்ளீட்டுத் துளையின் ஈயப்பற்று விரிசல் விடும். 32 ஜிபிக்கு மேற்பட்ட நினைவட்டையை ஏற்காது. இவற்றுள் பலவும் பழுதுபார்க்கக் கூடியவையே. கொல்கத்தாவின் சாந்தினி சௌக் சந்தையில் இத்தகைய வேலையைக் கைநேர்த்தியோடு செய்பவர்கள் உண்டு. மாணவி அங்கே சென்றபோது, விரிசலுக்கு ஈயம் வைத்துத் தந்த முதியவர், "மேசையில் ஓடுகிறது தீதி, வெளியூரில் எப்படியோ எனக்குத் தெரியாது" என்றாராம். நேர்மையான சொல். முற்றிலும் செத்துப்போன கருவி ஆய்வாளரை ஏமாற்றுவதில்லை; விட்டுவிட்டு வரும் பழுதுதான் ஏமாற்றும். கடையில் பத்து நிமிடம் சோதிக்கும்போது மறைந்திருக்கும். களத்தில் மூன்றாம் மணிநேரத்தில் தலைகாட்டும். பதிவின் நடுவே மின்சாரம் அறுந்தால் கோப்பு முறையாக மூடப்படாமல் வெற்றுக் கோப்பாகத் தோற்றமளிக்கும். உள்ளே இருக்கும் ஒலியைப் பல வேளைகளில் மீட்டெடுக்கலாம். அப்போது பதிவாகாமல் போன பேச்சை மீட்க வழியில்லை.

முண்டாரி ஆய்வில் அந்தப் 'படக்' ஓசைக்குத் தனி விலை உண்டு. முண்டா மொழிகளில் சொல்லிறுதியில் வரும் சில அடைப்பொலிகள் குரல்வளை மூடலோடு தடைபட்டு நின்றுவிடும், வெடிப்பு வெளிப்படாது. அந்த வெடிப்பு உண்டா, இல்லையா என்பதுதான் மாணவியின் ஆய்வுக் கேள்விகளுள் ஒன்று. தளர்ந்த இணைப்பு எழுப்பும் ஓசையோ ஸ்பெக்ட்ரோகிராமில் ஒரு குறுகிய செங்குத்துக் கோடாக விழும். வெடிப்பொலியும் ஏறத்தாழ அப்படித்தான் விழும். சொல்லின் நடுவே வந்தால் அடையாளம் கண்டு ஒதுக்கலாம். சொல்லிறுதியில் வந்தால் கருவியின் நோய் மொழியின் இயல்பாகப் பதிவாகிவிடும்.

செல்பேசி போதாதா என்ற கேள்வியும் எழுந்தது. கதைகளையும் பாடல்களையும் சமூகத்துக்காகப் பதிவுசெய்யச் செல்பேசி பெரிதும் உதவும். ஆனால் பல செல்பேசிச் செயலிகள் மெல்லிய ஒலியைத் தாமே உயர்த்தும், இரைச்சலென்று கருதியதை அழிக்கும், கோப்பைச் சுருக்கும். குரல்வளை மூடலின் மெல்லிய தடயங்களை அளக்க விரும்புபவருக்கு, இந்த உதவி ஒவ்வொன்றும் இடையூறே.

எல்லாவற்றுக்கும் மேலாக, களத்தில் செலவாவது பேச்சாளரின் காலம். எண்பது வயது மூதாட்டி ஒருவர் அறுவடை வேலைகளுக்கிடையே இரண்டு மணிநேரம் அமர்ந்து சொற்களைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார். அதை மறுபடி கேட்கும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை; பல நேரங்களில் வாய்ப்பும் இல்லை. அந்தமானில் போ மொழியின் கடைசிப் பேச்சாளராக அறியப்பட்ட போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். அவர் குரலை மொழியியலாளர் அன்விதா அப்பி முன்னரே பதிவுசெய்திருந்ததால்தான் அந்த மொழியின் ஒலி இன்றும் கேட்கிறது. முண்டாரியைப் பல லட்சம் பேர் பேசுகிறார்கள். அதன் நிலை வேறு. ஆனால் தனி மனிதரின் குரல் எந்த மொழியிலும் ஒருமுறைதான் வாய்க்கிறது. ஆகவே புதிய பதிவுக்குச் செல்லும் கருவியில் ஐயம் தோன்றினால் அதை மாற்றிவிடுவதே முறை.

கேசட் ரெக்கார்டருக்கு இதே அளவுகோலை வைத்தால் முடிவு தவறாகிவிடும். அது இனிப் பதிவுசெய்யப் போவதில்லை; வாசித்துக் காட்ட வேண்டும். இன்று மலிவாகக் கிடைக்கும் கேசட் கருவிகள் பலவற்றில் சுழற்சி வேகம் சீராக இருப்பதில்லை. வேகம் மாறினால் சுருதியும் ஒலிகளின் கால அளவும் மாறிவிடும். பழைய கருவிகளில் அடிப்படைப் பொறியமைப்பு உறுதியானது. கெடுபவை பெரும்பாலும் ரப்பர் பாகங்கள்: பெல்ட் இளகிப் பிசுபிசுக்கும், நாடாவை அழுத்தும் உருளை இறுகும். இவற்றை மாற்றி, தலையைத் துடைத்து, அதன் கோணத்தைச் சரிசெய்தால் கருவி மீண்டும் ஓடும். கோணம் இம்மியளவு பிசகினாலும் முதலில் மங்குவது உயர் அதிர்வெண்கள். 'ஸ', 'ச' போன்ற உரசொலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது.

ஊடகம் புதியதாக இருந்தால் ஆயுள் கூடும் என்பதற்கும் உறுதியில்லை. இந்திய மொழிக் கணக்கெடுப்பின் பகுதியாக 1913 முதல் 1929 வரை பதிவான கிராமபோன் தட்டுகளை நாம் இன்று இணையத்தில் கேட்கிறோம். தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடினால் ஒலி வரும் என்ற எளிய தத்துவம் அவற்றைக் காத்தது. 1992இல் வந்த மினிடிஸ்க் அப்படியல்ல. அதை வாசிக்க அதற்கே உரிய கருவி வேண்டும். சோனி நிறுவனம் 2013இல் அக்கருவிகளை நிறுத்திவிட்டது. டாட் ரெக்கார்டர்கள் 2005இலேயே நின்றுபோயின. அலமாரியில் ஓடும் நிலையில் ஒரு வாசிப்புக் கருவி இருப்பது, அதனோடு சேர்ந்த பதிவுகள் அத்தனையும் உயிரோடு இருப்பதற்குச் சமம்.

மாணவி ஆண்டுத் தொகையைப் புதிய ரெக்கார்டருக்குச் செலவிட்டார். கேசட் கருவியின் பழுதுக்குக் கைப்பணம் போட்டார். மாநாட்டுப் பயணம் ஒன்று அதில் கைவிட்டுப் போனது. நாற்பது கேசட்டுகளும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் டிஜிட்டல் கோப்புகளாயின. இரு தடங்களில் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. இப்போது ஒரே சொற்பட்டியலை ஒரே பகுதியின் இரண்டு தலைமுறைகள் சொல்வதை அருகருகே வைத்துக் கேட்க முடிகிறது. சொல்லிறுதி ஒலிகள் மாறிவருகின்றனவா என்ற கேள்விக்குச் சான்று அங்கேதான் இருக்கிறது. கேசட்டில் பேசியவர்களின் குடும்பத்தாருக்கும் பிரதிகள் போய்ச் சேர்ந்தன.

பழைய டிஜிட்டல் ரெக்கார்டரும் வீணாகவில்லை. இளநிலை மாணவர்கள் ஒலியளவு வைக்கப் பழகுவது அதில்தான். அதன் முதுகில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது: உள்ளீடு தளர்வு, களத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். துறைகள் தம் இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு கருவிக்கும் நேராக இப்படி ஒரு வரி எழுதிவைத்தால், அடுத்து அலமாரியைத் திறப்பவருக்கு ஒரு மாதம் மிச்சமாகும்.